பாலாறு கடலோடு கலக்கும் இடத்தில்

புது நன்மை வாங்கவிருந்த சிறுவர் சிறுமியர்க்கு மறைக்கல்வி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அப்பமும் திராட்சை இரசமும் ஆண்டவரின் திருவுடலாகவும் திருஇரத்தமாகவும் மாறும் மறைபொருளை நம்மால் இயன்றமட்டும் எளிய சொற்களில் விளக்கி முடித்து, "கேள்வி ஏதேனும் உண்டா?" என்றோம். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்தான். "சாமி, நம்ம ஊர்ல நெல்லுதானே விளையுது? திராட்சை எங்கேயும் காணோமே. இந்த இரசம் எங்கேருந்து வருது?" என்றான். நல்ல கேள்வி என்று பாராட்டினோம். அதற்குள் பின்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "சாமி, எங்கப்பா குடிக்கிறது பாவம்னு போன ஞாயிறு பிரசங்கத்துல சொன்னீங்க. பீடத்துல நீங்க குடிக்கிறது மட்டும் எப்படி?" என்றாள்.

வகுப்பு அமைதியாயிற்று. அவள் குறும்பாகக் கேட்கவில்லை. முந்தின இரவு அவள் வீட்டில் நடந்ததை நாம் அறிவோம். இறையியல் நூல்கள் தந்த விடைகள் நாவுக்கு வந்தன. ஆயினும் அவள் முகத்தைப் பார்த்தபோது அவை தொண்டையிலேயே நின்றுவிட்டன. "இரண்டு கேள்விக்கும் விடை தேடி ஒரு நாள் எல்லோருமாகப் போவோம்" என்று மட்டும் சொல்லி மணியடித்தோம். அந்த வாக்கை நிறைவேற்றச் சென்ற ஒருநாட் பயணமே இக்கட்டுரை.

மே மாத விடுமுறையில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்ததும், உபதேசியார் ஒருவரும் ஆசிரியை ஒருவரும் உடன்வர, பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து கிழக்கே புறப்பட்டோம். கொளவாய் ஏரியின் காற்று சிறிது தூரம் துணைக்கு வந்தது. திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலை வலம் வருவது போல் வளைந்து சென்ற சாலை, சதுரங்கப்பட்டினத்தை நோக்கி இறங்கியது. கல்பாக்கத்து அணுமின் நிலையத்தைத் தாண்டித் தெற்கே திரும்பினால் வயலூர். பல்லவ மன்னன் இராசசிம்மன் தன் முன்னோரின் பெயர்களையெல்லாம் வரிசையாகப் பொறித்துவைத்த தூண் இருப்பது இவ்வூரில்தான். அதனை அடுத்து, பாலாறு கடலைச் சேரும் முகத்துவாரத்தின் அருகில் இருக்கிறது வசவசமுத்திரம் என்னும் சிற்றூர்.

நந்திமலையில் பிறந்து மூன்று மாநிலங்களைக் கடந்து வரும் பாலாறு, கோடையில் இங்கே வெறும் மணற்பரப்பு. அலைகள் கட்டிய மணல்மேடு ஆற்றின் வாயை அடைத்து நிற்கிறது. சவுக்குத் தோப்பும் பனைமரங்களும் முட்புதர்களுமாகக் கிடக்கும் இவ்விடம் ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்தது என்று சொன்னால், "இதுவா?" என்றுதான் பிள்ளைகள் கேட்டார்கள்.

1970-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய தொட்டிகளும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. அவற்றோடு, நம் குயவர்கள் வனையாத வேற்று நாட்டுக் கூம்புச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. அடி கூம்பிச் செல்லும் சாடிகள் அவை. தரையில் நிற்கமாட்டா, மணலில் ஊன்றி வைக்கவேண்டும், அல்லது கப்பலின் அடித்தட்டில் ஒன்றோடொன்று சாய்த்து அடுக்கவேண்டும். இரு கைப்பிடியுள்ள ரோமானியச் சாடிக்கு 'ஆம்போரா' என்று பெயர். ஏறக்குறைய 26 லிட்டர் கொள்ளும். உட்புறம் குங்கிலியம் போன்ற பிசின் பூசப்பட்டிருக்கும். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோதும், பின்னர் விமலா பெக்லி அம்மையார் 1989 முதல் 1992 வரை அகழ்ந்தபோதும் இத்தகைய ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றுள் பல, கிரேக்க நாட்டுக் கோஸ் தீவின் சாடி வகையைச் சேர்ந்தவை. அத்தீவினர் திராட்சை மதுவில் கடல்நீர் கலப்பார்களாம். நெடுந்தூரம் போனாலும் கெடாதிருக்கும் என்பதற்காக. தமிழகக் கரையில் கிடைத்த கூம்புச் சாடிகளில் சில, பிற்காலத்தில் பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து வந்தவை என்று அண்மைக்கால அறிஞர்கள் வகை பிரித்துக் காட்டியுள்ளனர். எங்கிருந்து வந்தாலும், கடல் கடந்து வந்த சரக்கின் கலங்கள் அவை என்பதில் ஐயமில்லை.

நம் இலக்கியமும் இதற்குச் சான்று கூறுகிறது. புறநானூற்றின் 56-ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த மதுவைப் பொற்கலத்தில் மகளிர் வார்த்துத் தரப் பாண்டியன் நன்மாறன் மகிழ்ந்திருக்குமாறு வாழ்த்துகிறார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, 'நீர்ப்பெயற்று' என்னும் துறைமுகத்தையும், அங்கே கப்பல்களை அழைக்க ஏற்றிய கலங்கரை விளக்கத்தையும் வருணிக்கிறது. அத்துறை இந்தக் கரையில்தான் இருந்தது என்பார் பலர். அதே பட்டினத்தில் கள் சமைக்கும் பெண்கள் கலம் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிக் கிடந்ததையும் புலவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அரண்மனைக்கு யவனர் மது. எளியவனுக்குத் தெருவோரக் கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் இரண்டு கிண்ணங்கள் இருந்தன.

இவற்றை நாம் சொல்லிக்கொண்டிருக்கையில் அந்தச் சிறுமி மணலைக் காலால் கிளறியவாறு நின்றாள். "சாமி, அந்தச் சாடியில வந்ததைக் குடிச்சவங்க வீட்லயும் பிள்ளைங்க அழுதிருக்குமா?" என்று கேட்டாள். புலவர் யாரும் பாடாத செய்தி அது. "அழுதிருக்கும் அம்மா" என்றோம்.

வெயில் ஏறியது. பனந்தோப்பில் பனையேறி ஒருவர் அப்போதுதான் மரத்தினின்று இறங்கினார். பிள்ளைகளைக் கண்டதும் ஓலைப்பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். உபதேசியார் கேட்டுக்கொள்ள, கலயத்தின் உட்புறத்தையும் காட்டினார். சுண்ணாம்பு பூசியிருந்தது. "இது இல்லேன்னா மத்தியானத்துக்குள்ள பொங்கிக் கள்ளாயிடும், சாமி. சுண்ணாம்பு இருக்கறவரைக்கும் இனிப்பு இருக்கும்" என்றார். மறைக்கல்வி நூலில் இல்லாத பாடத்தை அவர் ஒரு நொடியில் கற்பித்துவிட்டார். இனிப்புள்ள சாறு எதுவாயினும், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் அந்த இனிப்பைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகின்றன. பாதியில் நிறுத்தினால் இனிப்பும் போதையும் கலந்திருக்கும். முற்றும் தின்ன விட்டால் இனிப்பு அற்றுப்போகும். திராட்சை இரசத்திலும் இதுவே விதி. பதநீர் அருந்திய பிள்ளைகளுக்கு இதை விளக்க வேறு சோதனைச்சாலை வேண்டியதில்லை.

அங்கிருந்து திரும்பிச் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் நுழைந்தோம். 'சத்ராஸ்' என்று ஐரோப்பியர் வழங்கிய இவ்வூர், மெல்லிய துணிக்குப் பெயர் பெற்ற டச்சு வணிகத் தலம். கோட்டையின் செங்கற்சுவர்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. உள்ளே, சித்திர வேலைப்பாடமைந்த கல்லறைப் பலகைகளின் கீழ், வீடு திரும்பாத டச்சுக்காரர்கள் துயில்கின்றனர். 1782 பிப்ரவரியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் இக்கரைக்கு எதிரேதான் கடற்போர் புரிந்தனர். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் டச்சுக்காரர் இந்தியாவிலிருந்த தம் தலங்களை ஆங்கிலேயரிடம் விட்டு நீங்கினர்.

டச்சுக்காரர் நாட்டின் வழியாகத்தான் ரைன் நதி கடலில் கலக்கிறது. அக்கல்லறைகளின் நிழலில் அமர்ந்திருக்கையில், ரைன் நதியின் கிளையாகிய மோசல் ஆற்றங்கரையில் சில ஆண்டுகளுக்கு முன் நாம் கழித்த ஒரு வாரம் நினைவுக்கு வந்தது. நம்மோடு குருமடத்தில் பயின்ற தோழர் ஒருவர் அங்கே பங்குப் பணி ஆற்றிவந்தார். அவருடைய பங்கு மக்களில் ஒரு குடும்பம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தது. தோட்டம் என்றால் சமநிலம் அன்று. ஆற்றிலிருந்து செங்குத்தாக எழும் மலைச்சரிவு. உழுபொறி ஏறாது. தாத்தா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் முதுகில் கூடை சுமந்து குலைகளைக் கையால் கொய்தார்கள். மண்ணெங்கும் கரும்பலகைக் கல். பகலில் வாங்கிய வெயிலை அக்கல் இரவில் கொடிகளுக்குத் திருப்பித் தருமாம். குளிர்நாடாகையால் பழம் மெல்ல மெல்லக் கனிகிறது; ஐப்பசியில்தான் அறுவடை. நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுதும் மாறிமாறிப் பன்னீர்த் திராட்சை அறுப்பதைச் சொன்னபோது, அந்தத் தாத்தா நம்பவே இல்லை. 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் கொண்டுவந்ததாக வழங்கும் அப்பழம், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற செய்தியைத் தோழருக்குப் பின்னர் மடலில் எழுதினோம்.

அத்தோட்டத்து வெண்திராட்சைக்கு 'ரீஸ்லிங்' என்று பெயர். 1435-ஆம் ஆண்டின் ஒரு கணக்கேட்டில் அதன் பெயர் முதன்முதல் காணப்படுகிறது. அதனை வளர்த்தெடுத்ததில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு. புனித பெர்நார்து 1136-இல் நிறுவிய எபர்பாக் மடத்துத் துறவிகள் ரைன் சரிவுகளில் திராட்சை பயிரிட்டனர். 1720-இல் ஃபுல்டா மடத்து அதிபர் யோகானிஸ்பெர்க் குன்று முழுவதும் இக்கொடியையே நட்டார். 1787-இல் திரியர் நகரத்துப் பேராயர் கிளமென்ஸ் வென்செஸ்லாஸ், தம் ஆட்சிப் பகுதியில் தரங்குறைந்த கொடிகளைக் களைந்து நல்ல இனத்தை நடுமாறு கட்டளையிட்டார். யோகானிஸ்பெர்க்கைப் பற்றி இன்னுமொரு செய்தி சொல்வார்கள். ஃபுல்டாவிலிருந்து அறுவடைக்கு அனுமதி ஓலை வரவேண்டும். 1775-இல் ஓலை கொணர்ந்த குதிரைவீரன் பல நாள் தாமதித்துவிட்டான். பழங்கள் கொடியிலேயே வாடிப் பூஞ்சை பிடித்தன. வேறு வழியின்றிப் பிழிந்தபோது, அதுவரை சுவைத்திராத அருஞ்சுவை வாய்த்ததாம். காத்திருந்தவர்க்குக் கிடைத்த கொடை!

அன்றிரவு அக்குடும்பத்தின் மேசையில் இனிப்பற்ற ரீஸ்லிங் ஒரு சிறு கிண்ணத்தில் எமக்கும் வார்க்கப்பட்டது. பூசைக்குரிய இனிப்பான செந்நிற இரசத்தையே அறிந்த நம் நாக்கு சுருங்கிக்கொண்டது. எலுமிச்சையும் பச்சை மாங்காயும் சேர்ந்த புளிப்பு. ஓடைக்கல்லை நக்கினாற்போன்ற ஒரு தண்மை. நம் முகத்தைக் கண்டு குழந்தைகள் சிரித்தார்கள். உரொட்டியோடும் மீனோடும் அந்தச் சிறு கிண்ணத்தை அரைமணி நேரம் வைத்திருந்து பருகினார்கள். பின்னர்த் தாத்தா குப்பியை மூடிவைத்தார். "எவ்வளவு அழகாகக் குடிக்கிறீர்கள்! எங்கள் நாட்டில் இப்படியில்லையே" என்று நாம் வியந்தோம். தோழர் அதை மொழிபெயர்த்ததும் தாத்தாவின் முகம் மாறிற்று. சரிவில் தரிசாய்க் கிடந்த ஒரு துண்டு நிலத்தைச் சன்னல் வழியே சுட்டிக்காட்டினார். "அது என் தம்பியின் பங்கு. இதே திராட்சை மதுவைத்தான் அவனும் குடித்தான். நிலமும் போயிற்று; பின்பு அவனும் போனான்" என்றார். மறுநாள் காலை அவ்வூர்க் கோயிலில் அதே தோட்டத்து வெண்ணிற இரசத்தைக் கொண்டே திருப்பலி நிறைவேற்றினோம். அர்ச்சிப்பு வேளையில் அந்தத் தரிசு நிலம் கண்முன் நின்றது.

நல்ல மது, கெட்ட மது என்று பிரித்து அச்சிறுமிக்கு விடை சொல்லிவிடலாம் என்று எண்ணியிருந்தோம். அது பொய்யாகும் என்று அத்தாத்தா முன்கூட்டியே நமக்குக் கற்பித்திருந்தார். விலையுயர்ந்த குப்பியும் வீட்டை அழிக்கும். கலப்படச் சாராயமோ ஓரிரவில் கொல்லும். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், நம் மாவட்டத்து மதுராந்தகம் வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நம்மில் யார் மறந்தோம்? அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனரே! இறந்தவர் பெரும்பாலும் நாள் முழுதும் உழைத்து, அன்றைய கூலியோடு வீடு திரும்ப வேண்டியவர்கள்.

மாமல்லபுரத்தில் அதிக நேரம் தங்கவில்லை. சுற்றுலாக் கூட்டம் நிரம்பி வழிந்தது. கடற்கரைக் கோயிலையும், பெரிய பாறைச் சிற்பத்தில் தவம் செய்யும் பூனையையும் பிள்ளைகள் கண்டு மகிழ்ந்தார்கள். தயிர்சாதப் பொட்டலங்களை அங்கேயே பிரித்து உண்டபின், வடக்கே கோவளத்துக்கு வந்தோம். ஜான் தெ மோந்தே என்னும் போர்த்துக்கீசிய வணிகர் 1808-இல் எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயம் இங்கே உள்ளது. மீனவர் படகுகள் கரையேறிக் கிடந்தன. ஆலயத்துள் நுழைந்து, நற்கருணைப் பேழைக்கு முன் பிள்ளைகளை உட்காரவைத்தோம். இனியும் விடையைத் தள்ளிப்போட இயலாது.

முதலில் சிறுவனின் கேள்வி. "திராட்சை நம்மூரில் விளையவில்லை, எனினும் ஈராயிரம் ஆண்டுகளாக அதன் இரசம் இந்தக் கரைக்கு வந்துகொண்டே இருக்கிறது. அன்று வணிகனின் சாடியில் அரசனுக்காக வந்தது. இன்று பூசைக் குப்பியில் எல்லோருக்குமாக வருகிறது. 1937-இல் சேலம் மாவட்டத்தில் முதன்முதல் மதுவிலக்கு வந்த காலத்திலும், திருப்பலிக்குரிய இரசத்துக்கு அரசு தனியே உரிமம் தந்தது. வேறெதுவும் கலவாத திராட்சைப் பழத்தின் இயற்கை இரசமாக, கெடாததாக இருக்கவேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் விதி. சிவப்பா வெண்மையா, எந்த ஊர்த் தோட்டம் என்பதெல்லாம் விதியில் இல்லை."

பின்பு சிறுமியை அருகில் அழைத்தோம். "நீ கேட்டது சரியான கேள்வி. பீடத்தில் இருப்பது உயர்ந்த சாதி மது என்பதனால் அது புனிதமாகிவிடவில்லை. போதைக்காக நாம் அதைப் பருகுவதுமில்லை. அதைச் சில துளியாகக் குறைத்து, நீர் கலந்து, ஆண்டவர் சொன்ன சொல்லைச் சொல்லி எடுக்கிறோம். மது ஒத்துக்கொள்ளாத குருவானவர்கள் உண்டு. குடிநோயிலிருந்து மீண்டவர்களும் உண்டு. அவர்கள் புளித்துப் பொங்காத புதுத் திராட்சைச் சாற்றை, தம் ஆயரின் அனுமதி பெற்றுப் பயன்படுத்தலாம் என்று உரோமைத் திருப்பீடமே 2003-இல் எழுதியிருக்கிறது. பனையேறித் தாத்தா கலயத்தில் சுண்ணாம்பு பூசினாரே, அதைப் போல அங்கே குளிரூட்டிக் காப்பார்கள். அப்பத்தை மட்டும் வாங்கும் உனக்கும் முழு இயேசுவே வருகிறார். ஆகவே மறைபொருள் போதையில் இல்லை என்று அறிந்துகொள்.

"வேற்றுமை எங்கே என்றால், யாருடைய செலவில் கிண்ணம் நிறைகிறது என்பதில்தான். ஒரு கிண்ணத்துக்காகப் பிள்ளைகளின் சோறும் புத்தகமும் அம்மாவின் தாலியும் போகின்றன. மற்றொரு கிண்ணத்தில், பிள்ளைகள் வாழவேண்டும் என்று தம் இரத்தத்தையே ஊற்றிய ஒருவர் இருக்கிறார். ஒன்று எடுத்துக்கொள்ளும், மற்றது கொடுக்கும். அந்த இரண்டாம் கிண்ணத்தைப் பருகிவிட்டு, முதற்கிண்ணத்தால் அழும் வீட்டை எட்டிப் பாராமல் குரு இருந்தால், நீ கேட்ட கேள்விக்கு அவரிடம் விடையில்லை."

இறுதி வாக்கியத்தைச் சொல்லும்போது நம் குரல் தழுதழுத்தது. ஏனெனில் அது நமக்கே நாம் சொல்லிக்கொண்டது. அச்சிறுமியின் தந்தையைப் பாவி என்று பிரசங்க மேடையிலிருந்து கண்டித்த நாம், அதுவரை அவர் வீட்டுப் படி ஏறியதில்லை. குடி ஒரு பாவம் என்பதோடு, மருத்துவம் வேண்டும் ஒரு நோயும் ஆகும் என்று நாம் சொல்லிக்கொடுத்ததில்லை. சென்னையில் 1980 முதல் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனை இந்நோய்க்குச் சிகிச்சை தருகிறது. குடியை விட்டவர்களே ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் தோழமை, 1935-இல் அமெரிக்காவில் தோன்றி நம் நாட்டிலும் பரவியிருக்கிறது. இவற்றை அறிந்திருந்தும் யாரிடமும் சொல்லாதிருந்தது நம் குற்றம்.

திரும்பும் வழியில் பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். அச்சிறுமி மட்டும் சன்னலோரம் விழித்திருந்தாள். "எங்கப்பாகிட்ட நீங்களே வந்து சொல்வீங்களா, சாமி? திட்டாம?" என்றாள். "வருகிறோம், திட்டமாட்டோம்" என்றோம்.

சென்றோம். முதல் முறை அவர் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை திண்ணையில் உட்காரச் சொன்னார். மூன்றாம் முறை காப்பி தந்தார். அதற்குமேல் இப்போதைக்குச் சொல்ல ஒன்றுமில்லை; இன்னும் சென்றுகொண்டிருக்கிறோம். புது நன்மை நாளன்று காணிக்கைப் பவனியில் இரசக் குப்பியை ஏந்திவரும் பொறுப்பை அச்சிறுமிக்கே அளித்தோம். இரு கைகளாலும் பிடித்து, ஒரு துளியும் சிந்தாமல் பீடம்வரை கொண்டுவந்து தந்தாள். கோயிலின் கடைசித் தூணருகே அவள் தந்தை நின்றிருந்தார்.

அன்புள்ள வாசகர்களே, மாமல்லபுரத்துக்குப் போகும் குடும்பத்தார், நேரம் வாய்த்தால் தெற்கே சிறிது தொலைவு சென்று, பாலாறு கடலைச் சேரும் அந்த மணற்கரையிலும் ஒரு நாழிகை நில்லுங்கள். ஓட்டுச் சில்லு கண்ணில் பட்டால் அதை எடுக்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள்; அது வரலாற்றின் உடைமை. வீடு திரும்பியதும், உங்கள் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை இரவில் அழுகிறது என்று எண்ணிப்பாருங்கள். அந்த வீட்டுக்குப் போங்கள். தனியே போகத் தயங்கினால் உங்கள் பங்குக் குருவை உடன் அழையுங்கள். அவர் தயங்கினால், இச்சிறுமி கேட்ட கேள்வியை அவரிடம் கேளுங்கள்.